கோதுமையைச் சந்தேகித்த மருத்துவர்: வில்லெம் டிக்கேயும் சீலியாக் நோயும்

லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பணியாற்றிய சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888-ல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். வயிறு உப்பி, கை கால் சூம்பி, வெளுத்த நிறத்தில் கூழ்போல் ஏராளமாக மலம் கழித்து, நாளுக்கு நாள் இளைத்துப்போகும் குழந்தைகளைப் பற்றிய கட்டுரை அது. சீலியாக் என்று அழைக்கப்படும் இந்த நோய் எல்லா வயதினருக்கும் வரும், ஆனால் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளை அதிகம் பிடிக்கும் என்றார். இதற்குத் தீர்வு என்று ஒன்று இருந்தால் அது உணவில்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அவர் கொடுத்த உணவுப் பட்டியலைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு கூடாது. மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டி கொடுக்கலாம். நோயைத் தருகிற பொருளை அனுமதித்துவிட்டு, தீங்கில்லாத பொருளை விலக்கியிருக்கிறார்.

கீயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கூர்மையான பார்வை உள்ளவர். தினமும் நல்ல டச்சு சிப்பிகளைத் தின்ற ஒரு குழந்தை அதிசயமாகத் தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் பழைய நிலைக்கே போனதையும், அடுத்த பருவத்தில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டதையும் பதிவு செய்திருக்கிறார். உணவு மாறினால் நோய் மாறுகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எந்த உணவு என்பதுதான் பிடிபடவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆனது. பதிலைக் கண்டவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர்.

அந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 1908-ல் நியூயார்க்கின் கிறிஸ்டியன் ஹெர்ட்டர் இந்த நோயைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதனால் நீண்ட காலம் இதைக் 'கீ-ஹெர்ட்டர் நோய்' என்றே அழைத்தார்கள். குழந்தைகளால் கொழுப்பைச் செரிக்க முடியவில்லை என்று ஒரு சாரார் சொன்னார்கள். இல்லை, மாவுச்சத்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொரு சாரார். 1924-ல் நியூயார்க்கைச் சேர்ந்த சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையை அறிவித்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நாள் முழுக்க வாழைப்பழம். குழந்தைகள் உண்மையிலேயே தேறினார்கள். பல ஆண்டுகள் அமெரிக்காவில் இதுவே சிகிச்சையாக இருந்தது.

ஹாஸின் முறையில் பலன் கிடைத்தது, விளக்கம் தவறு. வாழைப்பழத்தில் நோய் தீர்க்கும் சக்தி இருப்பதாக அவர் நம்பினார். ஆனால் குழந்தைகளைக் காப்பாற்றியது தட்டிலிருந்து காணாமல் போன ரொட்டி. விளக்கம் தவறாக இருந்ததால் விளைவும் அரைகுறையாக நின்றது. 'குணமாகிவிட்டது' என்று நினைத்து மறுபடி ரொட்டி சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு உள்ளுக்குள் குடல் மறுபடி சேதமானது. நல்ல பலன் தருகிற சிகிச்சைக்கும் சரியான காரணம் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் மருத்துவ வரலாற்றில் பார்த்ததில்லை.

நோயின் கடுமையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் லண்டனில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பற்றி 1939-ல் வெளியான ஒரு ஆய்வு, ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறந்துபோனதாகக் காட்டியது. பிழைத்தவர்களும் வளர்ச்சி குன்றி, எலும்பு வளைந்து, ரத்தசோகையோடுதான் இருந்தார்கள்.

டிக்கே 1905 பிப்ரவரியில் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு, தி ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1936-ல், 31 வயதிலேயே, அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு வந்துவிட்டார். அவருடைய வார்டில் சீலியாக் குழந்தைகள் மாதக்கணக்கில் தங்கியிருந்தார்கள். ஒரு தாய் தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தியதும் நன்றாகத் தேறியது என்றும், மறுபடி கொடுத்ததும் நோய் திரும்பியது என்றும் அவரிடம் சொன்னதாகக் கூறுவார்கள். அந்தக் காலத்தில் பெரிய மருத்துவர்கள் காதில் வாங்காமல் விட்டிருக்கக்கூடிய பேச்சு அது. டிக்கே 1934 முதல் 1936 வரையிலான ஆண்டுகளிலேயே கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

1941-ல், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, டச்சு மருத்துவ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீ-ஹெர்ட்டர் நோய்க்கு எளிய உணவுமுறை ஒன்று: ரொட்டியும் ரஸ்க்கும் கூடாது. அவ்வளவுதான் அதன் சாரம். வாழைப்பழம் போன்ற கப்பலில் வரும் பண்டம் எதுவும் தேவையில்லாத, எந்த வீட்டுச் சமையலறையிலும் செய்யக்கூடிய ஒன்று. ஆனால் அது டச்சு மொழியில், போரின் நடுவே வந்த கட்டுரை. வெளியுலகம் கவனிக்கவில்லை.

இந்த 1941-ஆம் ஆண்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டிக்கேயைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் ஒரே கதைதான் வருகிறது. 1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போகும் உணவைத் தடுத்தார்கள். 'பசிக் குளிர்காலம்' என்று டச்சுக்காரர்கள் இன்றும் சொல்லும் கொடுமை தொடங்கியது. நகரவாசிகளின் ரேஷன் ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. 1945 பிப்ரவரி இறுதியில் அது 580 கலோரி அளவுக்கு இறங்கிவிட்டது. சர்க்கரை பீட்ரூட்டையும் துலிப் பூக்கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அந்தப் பட்டினியில் ஊரெல்லாம் மெலிந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்களாம். நேச நாட்டு விமானங்கள் வானிலிருந்து ரொட்டியைப் போட்டதும் அவர்கள் மறுபடி படுத்துவிட்டார்களாம். அதைப் பார்த்து டிக்கேக்குப் பொறி தட்டியதாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ். பஞ்சம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கோதுமையைச் சந்தேகித்து, உணவை மாற்றிப் பார்த்து, கட்டுரையும் எழுதிவிட்டார். ரொட்டி வானிலிருந்து வந்தது என்பதிலும் திருத்தம் தேவை. 1945-ன் தொடக்கத்தில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் அனுப்பிய மாவை உள்ளூர் பேக்கரிகளில் சுட்டுத்தான் மக்கள் இன்றும் நினைவுகூரும் அந்த வெள்ளை ரொட்டியைக் கொடுத்தார்கள். விமானங்கள் உணவுப் பொதிகளைப் போடத் தொடங்கியது ஏப்ரல் 29-ல்தான்.

பஞ்சம் டிக்கேக்கு உதவவில்லை என்று சொல்லவில்லை. ஊரில் ரொட்டியே இல்லாத மாதங்களில் தன் நோயாளிகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மோசமானதையும் அவர் கண்டார். ஏற்கெனவே இருந்த எண்ணம் உறுதிப்பட்டது. ஆனால் ஒரு கறாரான ஆய்வாளராக யோசித்தால், பஞ்சம் நல்ல சான்று ஆகாது. அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி மட்டுமா போனது? பால், வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம்தான் போயின. சாப்பிட்ட மொத்த அளவே சுருங்கிவிட்டது. கொழுப்புதான் குற்றவாளி என்று சொல்பவரும் அதே பஞ்சத்தைத் தன் பக்கம் காட்ட முடியும். எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்போது எதனால் தேறியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. டிக்கேக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் போர் முடிந்த பிறகு அவர் செய்த வேலையை, பஞ்சத்தில் அவர் கண்டதைவிடப் பெரியதாக நான் மதிக்கிறேன்.

1947-ல் நியூயார்க்கில் நடந்த சர்வதேசக் குழந்தை மருத்துவ மாநாட்டில் தன் கருத்தைச் சக மருத்துவர்களிடம் சொன்னார். யாரும் பெரிதாக நம்பவில்லை. ஐரோப்பிய நாகரிகத்தின் அடிப்படை உணவே குழந்தைகளைக் கொல்கிறது என்று ஒரு சிறிய நாட்டு மருத்துவர் வந்து சொன்னால், எடுத்த எடுப்பில் ஏற்பது கடினம்தான். கண்ணால் கண்டது போதாது, எண்ணால் காட்ட வேண்டும் என்ற நிலை.

அந்த எண்ணைத் தந்தது மலப் பரிசோதனை. கொஞ்சம் அருவருப்பாக இருந்தாலும் இந்த வரலாற்றின் திருப்புமுனை அங்கேதான் இருக்கிறது. உத்ரெக்ட் நகரில் வான் டி காமர் என்ற உயிர்வேதியியலாளர் மலத்தில் உள்ள கொழுப்பை அளக்கும் விரைவான முறை ஒன்றை உருவாக்கி 1949-ல் வெளியிட்டார். முன்பெல்லாம் மலத்தை உலர்த்திப் பொடியாக்கி அளக்க வேண்டும். நேரம் பிடிக்கும், தவறும் வரும். வான் டி காமரின் முறையில் ஈரமான மலத்திலேயே நேரடியாக அளந்துவிடலாம். ஒரு குழந்தை எவ்வளவு கொழுப்பு சாப்பிட்டது, எவ்வளவு வெளியே போனது என்று கணக்கிட்டால், குடல் எத்தனை சதவீதத்தை உறிஞ்சியது என்பது தெரிந்துவிடும். நல்ல குடல் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதே உத்ரெக்ட் நகரின் குழந்தை மருத்துவர் டால்ஃப் வெயர்ஸும் டிக்கேயோடு சேர்ந்துகொண்டார்.

மூவருமாகச் செய்தது இதுதான். மற்ற உணவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, மாவை மட்டும் மாற்றினார்கள். கோதுமை கொடுத்தால் மலத்தில் கொழுப்பு ஏறியது. அதை எடுத்துவிட்டு அரிசியோ மக்காச்சோளமோ கொடுத்தால் இறங்கியது. தீங்கு உடனே தெரிவதும் இல்லை. சில குழந்தைகளிடம் நாட்கள், சில குழந்தைகளிடம் வாரங்கள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் இத்தனை தலைமுறை மருத்துவர்கள் கண்ணில் இது தப்பியது. நேற்று சாப்பிட்டதற்கும் இன்றைய வயிற்றுப்போக்குக்கும் முடிச்சுப் போடப் பழகிய யாருக்கும், மூன்று வாரம் முன்பு மறுபடி தொடங்கிய ரொட்டியைச் சந்தேகிக்கத் தோன்றாது. டிக்கே ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காகக் குறித்து வைத்திருந்தார். கோதுமை போன இடத்தில் கோடு மேலே ஏறுவதும், வந்த இடத்தில் சரிவதும் அந்த வரைபடங்களில் தெரிந்தது.

1950-ல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் இதையே முனைவர் பட்ட ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். கோதுமை, ரை போன்ற தானியங்களுக்குப் பதிலாக அரிசி, மக்காச்சோளம், தோலுரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கொடுத்தால் பசி திரும்புகிறது, கொழுப்பு உறிஞ்சப்படுகிறது, எண்ணெய்ப் பிசுக்கான மலம் நிற்கிறது என்பது அதன் முடிவு. மாவுச்சத்து ஒட்டுமொத்தமாகக் கெடுதல் என்ற பழைய எண்ணம் இத்துடன் விழுந்தது. அரிசியிலும் மாவுச்சத்துதான் நிறைந்திருக்கிறது, அது ஒன்றும் செய்யவில்லையே!

அப்படியானால் கோதுமைக்குள் எது? பிசைந்த கோதுமை மாவைத் தண்ணீருக்கடியில் வைத்துக் கசக்கிக் கொண்டே இருந்தால் வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடிவிடும். கையில் ரப்பர் போல இழுபடும் ஒரு உருண்டை மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்கிற புரதம். பரோட்டா மாவு கிழியாமல் விசிறப்படுவது இதன் தயவால்தான். இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது கோதுமையின் மாவுச்சத்து தீங்கு செய்யவில்லை, குளூட்டன் செய்தது. இன்னும் பிரித்ததில், குளூட்டனில் ஆல்கஹாலில் கரையும் பகுதியான கிளையடின்தான் முக்கியக் குற்றவாளி என்று தெரிந்தது. 1953-ல் மூவரும் இதை ஒரு சர்வதேசக் குழந்தை மருத்துவ இதழில் ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஷார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழு டிக்கேயின் கருத்தைத் தன் நோயாளிகளிடம் சோதித்து உறுதிசெய்து 'லான்செட்' இதழில் எழுதியிருந்தது. வேறொரு நாட்டில், வேறு கைகளில் அதே முடிவு வந்ததும் எதிர்ப்பு அடங்கியது. குளூட்டன் இல்லாத உணவு பரவிய பிறகு, இந்த நோயால் சாகும் குழந்தைகளின் விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

டிக்கே பின்னர் உத்ரெக்ட் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார், 1957-ல் பேராசிரியரானார். 1962 ஏப்ரலில், 57 வயதில், பக்கவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு காலமானார். நெதர்லாந்தின் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் அவர் பெயரில் தங்கப்பதக்கம் வழங்குகிறது. வெளியுலகில் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. கடைக்குக் கடை 'குளூட்டன் ஃப்ரீ' என்று ஒட்டியிருக்கும் இந்தக் காலத்தில் அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

குடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை டிக்கே பார்க்கவில்லை. பார்க்க அப்போது வழியும் இல்லை. இறந்தவர் உடலில் குடல் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், பிரேதப் பரிசோதனையில் கண்ட சேதத்தை யாரும் நோயின் அடையாளமாக ஏற்கவில்லை. 1954-ல் பாலி என்ற ஆங்கில மருத்துவர், அறுவை சிகிச்சையின்போது உயிருள்ள நோயாளிகளிடமிருந்து எடுத்த குடல் துண்டில் சேதத்தைக் காட்டினார். 1956-ல் மார்கோ ஷைனர் வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலில் பயாப்ஸி எடுத்தார். நல்ல சிறுகுடலின் உட்சுவர் பூத்துவாலையைப் போல மெல்லிய இழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். உணவுச் சத்தை உறிஞ்சுவது இந்தக் குடலுறிஞ்சிகள்தான். சீலியாக் நோயில் அவை தேய்ந்து வழுவழுப்பாகிவிடுகின்றன. இரும்பு, கால்சியம், ஃபோலேட், கொழுப்பு எதுவும் சரியாக உள்ளே போகாது. பெரியவர்களிடம் காணப்பட்ட கொழுப்புப் பேதியும் குழந்தைகளின் நோயும் ஒன்றே என்பதும் இப்படித்தான் நிலைபெற்றது.

மீதி விளக்கம் பல ஆண்டுகள் கழித்து வந்தது. கிளையடினை நம் செரிமான நொதிகள் முழுவதுமாக வெட்டுவதில்லை. நீளமான துண்டுகள் மிஞ்சுகின்றன. திசுவில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றைச் சற்று மாற்றிவிடுகிறது. டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் துண்டுகளை எதிரியாக எண்ணித் தாக்கும்போது, சொந்தக் குடலே அடிவாங்குகிறது. இந்த நொதிக்கு எதிராகவும் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்று 1997-ல் ஜெர்மனியில் ஷுப்பான் குழு கண்டுபிடித்தது. அந்த எதிர்ப்பொருளைத் தேடி இன்று எடுக்கப்படும் டிடிஜி ரத்தப் பரிசோதனை அதிலிருந்து பிறந்ததுதான். ஆகவே இது சாதாரண ஒவ்வாமை இல்லை. உடல் தன்னையே தாக்கும் நோய், அதைத் தூண்டிவிடும் பொருள் குளூட்டன்.

இந்தியாவுக்கு வந்தால், டிக்கேயின் கண்டுபிடிப்பை ஒரு நாட்டளவில் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு ஆய்வு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நீண்டகாலம் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டது. சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நோய்க்கு வாய்ப்பளிக்கும் மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கில் ஒருவர் தினம் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கிலும் கோதுமை குறைவுதான், ஆனாலும் நோய் அங்கே அதிகம்; எனவே அளவு மட்டுமே முழு விளக்கம் ஆகிவிடாது.

தெற்கில் இந்த நோய் அரிது என்பதால் மருத்துவர்கள் நினைவுக்கும் அது எளிதில் வருவதில்லை. சத்து உறிஞ்சப்படாத நோயாளி வந்தால், வெகுகாலமாக வேலூரில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் ஆழமாக ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூவைத்தான் முதலில் யோசிப்பார்கள். அது வேறு நோய், சிகிச்சையும் வேறு. ஆனால் இப்போது இரவு சப்பாத்தி, காலையில் ரவை உப்புமா, கடைப் பரோட்டா, பிஸ்கட், பிரெட் என்று நம் வீடுகளிலும் கோதுமை கூடிக்கொண்டே போகிறது. இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, காரணம் தெரியாமல் வளராத குழந்தை, மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு என்று இருந்தால், டிடிஜி பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

அப்படிக் கேட்பதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. இதைப் பலர் அறியாமல் செய்துவிடுகிறார்கள். இணையத்தில் படித்துவிட்டு இரண்டு மூன்று மாதம் கோதுமையை விட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போனால், ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்திருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும், முடிவு 'இல்லை' என்று வந்துவிடும். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியும் செய்ய வேண்டும்.

நோய் உறுதியானால் உணவுக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க. மாற்று மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கின்றன. டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தடுக்கும் ஒரு மருந்தின் ஊக்கமளிக்கும் முடிவு 2021-ல் வந்தது. ஆனாலும் இன்று வரை கையில் இருக்கும் சிகிச்சை டிக்கே சொன்னதுதான். சோறு, இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, வரகு, பருப்பு, பால், முட்டை, மீன் எதற்கும் தடையில்லை. மைதா, ரவை, கோதுமைச் சேமியா, பார்லி, மால்ட் சேர்த்த பானங்கள் கூடாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள் என்பதால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். தோசைக்கு அரைக்கும் அரிசியைக் கோதுமை அரைத்த அதே மில்லில் கொடுத்தால் மாவு கலந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.